அலுவிகாரைப் பாதையில் சைக்கிளுக்கு விட்ட இடம்

இலங்கைக்குப் போய் வந்தவன் என்று தெரிந்ததும் எங்கள் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். யானை பார்த்தாயா, சிகிரியா மலை ஏறினாயா, கதிர்காமத்தில் கும்பிட்டாயா என்கிறார்கள். ஒன்றும் இல்லை. நான் போனது மாத்தளைக்கு. அங்கே நான் அதிகம் பார்த்தது ஒரு ரோட்டில் போட்டிருந்த மேடுகளையும் அதைச் சுற்றிக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள்காரர்களையும்தான். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. கோபத்தோடு எழுதக் கூடாது என்பார்கள். முருகன் மன்னிக்கட்டும். கோபம் இல்லாமல் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபதுகளில் எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தங்கை புஷ்பம் அதற்குள் கல்யாணமாகி, புருஷன் வீட்டோடு அங்கேயே தங்கிவிட்டாள். நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்து, தினமும் சைக்கிள் மிதித்துப் போய் வந்து, பிள்ளைகளை ஆளாக்கினேன். நடுவில் கலவரமும் சண்டையுமாக இருந்த வருஷங்களில் போக வழியில்லை. சமாதானம் பேசுகிறார்கள், யாழ்ப்பாணம் வரைக்கும் பாதை திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த சமயத்தில் புஷ்பம் போன் செய்தாள். மகள் கல்யாணிக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். "தாய்மாமன் நீங்க வந்து நிக்காம நான் எப்படிண்ணே மணவறை போடுவேன்" என்று அழுதாள். கூறைப்புடவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் என் பெட்டியை டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மேல் வைக்கச் சொன்னார்கள். இறங்கி எடுத்தபோது வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. உள்ளே இருந்த மைசூர்பாகு உருகி, என் இரண்டு வேட்டியிலும் நெய் ஏறியிருந்தது. எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டரோடு சண்டை போட்டிருப்பேன். இங்கே கண்டக்டர், "சூடு ஆறினதும் சாப்பிடுங்க அய்யா" என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொல்லிவிட்டு விசில் ஊதிவிட்டான்.

மாத்தளை டவுனிலிருந்து புஷ்பம் வீடு இருக்கும் அலுவிகாரை கொஞ்ச தூரம்தான். மச்சான் பெருமாள், தங்கையின் புருஷன், ஓட்டோவோடு வந்து நின்றார். வாசனைத் தோட்டம் ஒன்றில் ஏலமும் கறுவாப் பட்டையும் கட்டும் ஸ்டோரில் வேலை அவருக்கு. நெற்றி நிறையத் திருநீறு. என்னைவிடப் பக்தி கூடியவர் என்று அப்போதே தெரிந்தது. மெயின் ரோட்டை விட்டு ஓட்டோ ஒரு வீட்டுப் பாதையில் திரும்பியதும் என் தலை கூரையில் இடித்தது.

"பம்ப் மச்சான், ரோட்டு மேடு. இன்னும் நாலு இருக்கு. கம்பியப் புடிச்சுக்குங்க."

வடக்குப் பாதை திறந்ததிலிருந்து மெயின் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் இடித்துக்கொண்டு போகின்றன. அதற்குப் பயந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் இந்த வீட்டுப் பாதையைக் குறுக்கு வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் விளையாடும் பாதை. ஆட்கள் மனுக் கொடுத்து, வேகத்தைக் குறைக்க ஐந்து மேடு போட வைத்தார்கள். பாதையின் ஒரு பக்கம் கான், தண்ணீர் ஓடும் வாய்க்கால். மறுபக்கம் மேடு முழுசாகப் போய் வேலியை முட்டாமல், இரண்டு முழ அகலத்துக்கு இடம் விட்டு, வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். அது சைக்கிள்காரர்களுக்கு. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் பாதிப்பேர் அங்கே சைக்கிளில்தான் போகிறார்கள். நான் முதலில் சந்தோஷப்பட்டேன். சைக்கிள் மிதிக்கிறவனை நினைத்து ஒரு கோடு போட்டிருக்கிறார்களே என்று. எங்கள் ஊரில் சைக்கிள்காரன் பஸ் தள்ளுகிற இடத்தில்தான் ஓட்ட வேண்டும்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைதான் இருந்தது.

இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் புஷ்பம் வைத்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. மேட்டுக்கு முன்னால் ஒடித்து, வெள்ளைக் கோட்டுக்குள் பாய்ந்து, வேகம் குறையாமல் போனது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. தலையில் காய்கறி மூட்டையோடு நடந்த ஒரு அம்மா வேலியோடு ஒட்டி நின்றாள். சைக்கிளில் வந்த பெரியவர் இறங்கி, சைக்கிளைத் தூக்கி வேலியோரப் புதரில் போட்டுவிட்டு நின்றார். ஒருத்தன் அவரைப் பார்த்து ஹார்ன் வேறு அடித்தான். கையில் இருந்த இடியப்பம் ஆறிப் போனது.

எங்கள் வாசலுக்கு நேரே இருந்த மேட்டில்தான் ஒருத்தனும் ஏறவே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மேட்டின் மேலே குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சைகள், வரிசையாக.

"யார் வச்சது இது?"

"நான்தான்," என்றார் மச்சான், பெருமையாக. "பெயிண்ட் அடிக்காம பம்ப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. இருட்டுல ரெண்டு பேர் விழுந்தாங்க மச்சான், நம்ம வாசல்ல. ரத்தம் பட்ட இடம். செவ்வாயும் வெள்ளியும் திருஷ்டி கழிச்சு வைக்கிறேன். வச்சதுல இருந்து இந்த பம்ப்ல ஒருத்தன் விழல, பாத்தீங்களா."

"ஏறினாத்தானே மச்சான் விழுவாங்க. அத்தனை பேரும் சைக்கிள்காரன் மேல ஏறுறாங்க."

"அது அவங்க ஓட்டுற லெச்சணம். நான் என்ன செய்ய."

திருஷ்டி கழித்த எலுமிச்சையை மிதிக்கக் கூடாது. நமக்கும் அந்தப் பயம் உண்டு. அங்கே சிங்களவர்களுக்கு அதைவிடப் பயம், யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். முஸ்லிம் பையன்களும் அந்த இடத்தில் ஒடித்துத்தான் போனார்கள். மற்ற நாலு மேட்டிலாவது பத்தில் ஒருவன் நியாயமாக ஏறி இறங்கினான். இந்த மேட்டில் நல்லவன்கூட ஓரத்துக்குப் போனான். சாமியின் பெயரால் ஒரு மேடு சும்மா கிடந்தது.

மாப்பிள்ளைப் பையன் சிவகுமார் அன்று சாயங்காலம் வந்தான். யட்டவத்தயில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், வேலைக்குப் போவதும் இந்தப் பாதையில்தான். கறுப்பு ஹெல்மெட்டில் ஓம் என்று சிவப்பு ஸ்டிக்கர். மரியாதையான பேச்சு. காலில் விழுந்து கும்பிட்டான். எனக்குப் பிடித்துப் போனது, மறைக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் பிறந்த தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று பின்னால் ஏற்றிக்கொண்டான். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் ஏறுகிற ரோட்டில் மேகம் முகத்தில் வந்து மோதியது. ஒரு கடையில் பால் விடாத பிளேன்டியும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வாங்கித் தந்தான். நாக்கில் அந்தக் கருப்பட்டி கரைந்தபோது பழனிப் பஞ்சாமிர்தம்கூட ஞாபகம் வரவில்லை. வழியில் எந்தக் கோயில் வந்தாலும், அம்மனோ பிள்ளையாரோ புத்தரோ, ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தான்.

திரும்பி வந்து எங்கள் பாதையில் நுழைந்ததும் முதல் மேட்டிலேயே வண்டி வெள்ளைக் கோட்டுக்குள் பாய்ந்தது.

"தம்பி, அது சைக்கிள் போற இடம்."

"உங்க இடுப்புக்காகத்தான் மாமா. குலுங்காது."

"என் இடுப்ப நான் பாத்துக்கிறேன். நீங்க மேட்டுல ஏறுங்க."

"எல்லாரும் இப்படித்தான் மாமா போறாங்க," என்றான் சிரித்தபடி. அடுத்ததிலும் அப்படியே போனான். நெஞ்சில் கை வைக்கத் தெரிந்த பையனுக்கு எதிரே மூச்சு வாங்க மிதித்து வருகிறவனைத் தெரியவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. வீட்டில் சொன்னேன். "நீங்க சும்மா இருங்கண்ணே, கல்யாணம் கூடி வர்ற நேரம்" என்றாள் புஷ்பம். சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்துத் திருநீறு பூசி வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் புது எலுமிச்சை வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். நாலு வீடு தள்ளி இருக்கும் சோமாவதி சைக்கிளில் வந்தாள். சிங்களப் பெண், தையற்காரி. ஐம்பது வயசிருக்கும். கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் அத்தனையும் அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அளவு பார்க்கத் துணி மூட்டையை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்குள் ஒழுங்காக வந்தாள். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். எலுமிச்சையைக் கண்டதும் ஒடித்தான். அவனுடைய ஹேண்டில் அவள் கையில் பட்டது. சைக்கிளோடு வேலிக் கல்லில் போய் விழுந்தாள்.

அவன் நிறுத்தினான். கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தான். பிறகு முறுக்கிக்கொண்டு போய்விட்டான். கறுப்பு ஹெல்மெட். சிவப்பு ஓம்.

அவளைத் தூக்கினேன். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. புஷ்பம் ஓடி வந்து முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். டிரைவர், "அக்காவுக்கு வலிக்கும், ஓரத்தில் ஒரு சக்கரத்தை விட்டுப் போகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னான். சோமாவதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குப் பிடிபடவில்லை, புஷ்பம் தமிழில் சொன்னாள்: "மேட்டுலயே போ. ஓரத்துல என்ன மாதிரி யாரும் வந்தா என்ன செய்வே." ஒவ்வொரு மேட்டிலும் முனகினாள். ஓரத்துக்குப் போகச் சொல்லவே இல்லை. நான் இந்த வயசுவரை எத்தனையோ கோயிலில் நின்றிருக்கிறேன். அந்த ஓட்டோவில் எனக்குக் கை தானாகக் குவிந்தது.

சாயங்காலம் வீட்டில் பேச்சு. யாரென்று நான் சொன்னதும் மச்சான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மச்சான், இத வெளிய சொல்லாதீங்க. யாருன்னு தெரியலன்னு இருக்கட்டும்."

"தெரியுமே. நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பிளைட் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்க இருக்கோம். தமிழ்ப் பையன், சிங்களப் பொம்பளைய இடிச்சுட்டு ஓடுனான்னு போலீஸ்ல ஒரு என்ட்ரி விழுந்தா என்னா ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. அவன் வேல போகும். இன்னைக்கு சமாதானம்ங்கிறாங்க. நாளைக்கு என்னாவோ. அந்த என்ட்ரி அப்படியே கெடக்கும்."

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருஷங்களை அவர்கள் இருந்து பார்த்தவர்கள், நான் தூரத்தில் இருந்து கேட்டவன். ஆனால் விழுந்தவளும் நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறாள்.

"அப்ப அந்தப் பொம்பள கை?"

"ஆஸ்பத்திரி செலவ நான் குடுத்துர்றேன். யாரோ எவரோன்னு சொல்லிக் குடுக்குறேன்."

"திருநீற அழிச்சுட்டுச் சொல்லுங்க மச்சான் இத."

அவர் முகம் சிவந்தது. புஷ்பம் நடுவில் வந்து, "அண்ணே, பேச்ச விடுங்க" என்று அழ ஆரம்பித்தாள். அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த கல்யாணி முன்னால் வந்தாள். நர்சரிப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண். அவளும் தினமும் அந்தக் கோட்டுக்குள்தான் சைக்கிளில் போகிறவள்.

"மாமா, அவரு நிப்பாட்டுனாரா?"

"நிப்பாட்டினான்."

"திரும்பிப் பாத்தாரா?"

"பாத்தான், கண்ணு."

"யாருன்னு பாத்துட்டுத்தான் போயிருக்காரு." என்றாள். சத்தம் போடவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "சோமா அக்கா வீட்டுக்கு அவரு தானா போய் நிக்கணும்பா. போகலன்னா எனக்குத் தாலி வேணாம்."

மறுநாள் விடிந்ததும் நான் விளக்குமாற்றை எடுத்துப் போய் மேட்டில் இருந்த எலுமிச்சையைக் கூட்டினேன். மச்சான் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னா செய்றீங்க மச்சான். கழிச்சத கையால தொடுறீங்க. உங்க மேல வந்துரும்."

"வரட்டும். புது வண்டி வாங்குனா எலுமிச்சைய எங்க வைக்கிறோம் மச்சான்? சக்கரத்துக்கு அடியில. ஏறிப் போகத்தான் வைக்கிறோம். ஒதுங்கி இன்னொருத்தர் மேல போக இல்ல."

அக்கம்பக்கத்தார் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். எலுமிச்சையை ஓடைக்குக் கொண்டுபோய் விட்டு, கந்தசஷ்டி கவசம் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பயமாக இல்லை என்று எழுத மாட்டேன். இரண்டு தடவை கை கழுவினேன்.

கல்யாணி அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். பகல் பத்து மணிக்குச் சிவகுமார் வந்தான். வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். முகம் தூங்காத முகம். கல்யாணி வெளியே வரவில்லை. என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான்.

"அடிச்சுருவாங்கன்னு பயந்துட்டேன் மாமா. எங்க அண்ணன எண்பத்தொம்பது கலவரத்துல ஆமிக்காரங்க ரோட்டுல வச்சுப் புடிச்சுட்டுப் போனாங்க. அவரு ஒன்னுமே செய்யல. நான் இப்ப செஞ்சுட்டேன். நின்னா என்னா ஆவும்னு..."

வாயில் வைத்திருந்த அத்தனை வசவையும் விட்டுவிட்டேன். பிறகு சொன்னேன். "அந்தப் பயம் நேத்தைக்கு, தம்பி. இன்னைக்கு அவங்க வீடு தெரியும், வழி தெரியும். வாங்க, நானும் வர்றேன்."

சோமாவதி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை முழங்கைவரை மாவுக்கட்டு. தையல் மெஷின் மேல் கல்யாணியின் அரக்குச் சிவப்பு ஜாக்கெட் ஒரு கை தைத்தபடி கிடந்தது. அவளுடைய மகன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான், எங்களைக் கண்டதும் ஒதுங்கவில்லை. சிவகுமார் அவன் முன்னால் நின்று சிங்களத்தில் சொன்னான். எனக்கு இன்னும் சிங்களம் ஓரளவு புரியும். "நான்தான் இடித்தேன். நான்தான் ஓடினேன்."

மகன் சட்டையைப் பிடித்தான். சோமாவதி உள்ளேயிருந்து, "விடு அவனை" என்றாள். பிறகு சிவகுமாரைப் பார்த்துச் சொன்னது இதுதான், என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்: "மல்லி, ஏன் ஓடினே? போலீசுக்குப் பயமா? நான் போலீசுக்குப் போகமாட்டேன் என்று உனக்கு எப்படித் தெரியும், என்னிடம் வந்து கேட்டாயா? நான் கல்லில் கிடக்கும்போது என் முகத்தைப் பார்த்தாய். அதுதான் எனக்குக் கையைவிட வலிக்கிறது." மல்லி என்றால் அவர்கள் மொழியில் தம்பி. அந்தக் கோபத்திலும் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவன் தலை குனிந்து நின்றான். "என்ன செய்யணும் சொல்லுங்க அக்கா."

"கடைக்கும் கிளினிக்குக்கும் நான் சைக்கிளில்தான் போவேன். இந்தக் கையோடு எப்படிப் போவது? ஆறு வாரம் நீ வந்து ஏற்றிக்கொண்டு போ. ஒரு மேட்டையும் விடக் கூடாது. கோட்டுக்குள் ஒரு தடவை சக்கரம் போனால் அந்த இடத்திலேயே இறங்கி, அன்றைக்கே போலீசுக்கு நடப்பேன்."

அவளுடைய மகனுக்கு இது போதவில்லை. "அம்மா, இவ்வளவுதானா" என்றான். "நீயும் அப்படித்தானே ஓட்டுகிறாய். வாயை மூடு" என்றாள். அவனுடைய மோட்டார் சைக்கிளும் முற்றத்தில் நின்றது.

முகூர்த்தம் தள்ளிப் போனது. ஜாக்கெட்டை வேறு தையற்காரியிடம் கொடுக்கலாம் என்று புஷ்பம் சொல்லிப் பார்த்தாள். சோமா அக்கா கை தைத்ததை அந்தக் கையே முடிக்கட்டும் என்று கல்யாணி சொல்லிவிட்டாள். எனக்கோ விசா முடிகிறது, கல்யாணம்வரை இருக்க வழியில்லை. பத்திரிகை அடித்தாயிற்று, சனம் என்ன சொல்லும் என்று மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெயிண்ட் டின் ஒன்றோடு வந்தார். எங்கள் வாசல் மேட்டில் வெள்ளைக் கோடு அடித்தார். நானும் குனிந்து ஒரு பக்கம் அடித்தேன். "நீங்க சொன்னதுக்காக இல்ல மச்சான்," என்றார். சரி என்றேன்.

பெயிண்ட் அடித்ததாலோ எலுமிச்சை போனதாலோ மோட்டார் சைக்கிள்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிப்பேர் இன்னும் ஓரத்தில்தான் பாய்கிறார்கள். மேடு போட்டது குறுக்கே நடக்கிற பிள்ளைக்காக, கோடு போட்டது சைக்கிள் மிதிக்கிறவனுக்காக. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா, பக்தி வேண்டுமா? நான் எட்டாவதுவரை படித்தவன், எனக்கே புரிகிறது. பிரேக்கை ஒரு விரலால் அமுக்கினால் போதும். அந்த ஒரு விரலுக்குச் சோம்பல்பட்டு ஒரு மனுஷியை வேலியில் தள்ளுகிறார்கள். இங்கே எங்கள் ஊரிலும் பார்க்கிறேன், வேகத்தடைக்கு ஓரமாக மண்ணில் ஒரு தனிப் பாதையே போட்டுவிட்டார்கள்.

நான் கிளம்பிய காலையில் கூறைப்புடவையைக் கல்யாணி கையில் கொடுத்தேன். மடியில் வாங்கிக்கொண்டு என்னோடு கேட்வரை வந்தாள். அப்போதுதான் சிவகுமார் சோமாவதியை ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்திருந்தாள். மேட்டுக்கு முன்னால் வண்டி ஊர்ந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. "மெதுவாக, மெதுவாக, நான் மரவள்ளிக் கிழங்கு மூட்டையா" என்று அவள் ஏசினாள். பின்னால் வந்த இரண்டு பேர் ஹார்ன் அடித்தார்கள். ஒருத்தன் கோட்டுக்குள் ஒடிக்கப் பார்த்தான். சோமாவதி மாவுக்கட்டுக் கையை உயர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் ஹேண்டிலைத் திருப்பி, மேட்டில் ஏறினான்.

"மாப்பிள்ள நல்லாத்தானே ஓட்டுறாரு, கண்ணு," என்றேன் கல்யாணியிடம்.

அவள் அந்த வண்டி கடைசி மேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா பின்னால இருக்காங்கல்ல மாமா," என்றாள். "அவங்க எறங்குனதுக்கப்புறம் பாப்போம்."